வேம்புலியம்மாளின் மேடு

பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாகச் சின்னப் பை மாதிரித் தொங்குமே, அந்த மேண்டிலைச் செய்கிற கம்பெனி ஒன்று பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவில் இருந்தது. நூலில் பின்னிய பையை ஒரு மருந்துத் தண்ணீரில் முக்கிக் காயவைப்பார்கள். அப்போதுதான் அது விளக்கில் பிரகாசமாக ஒளிரும். அந்தத் தண்ணீரில் இருந்தது தோரியம். அங்கே வேலை பார்த்த யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது மருந்து, அவ்வளவுதான்.

ஊரெல்லாம் கரண்ட் வந்தபிறகு பெட்ரோமாக்ஸை யார் வாங்குவார்கள்? எண்பத்திரண்டில் கம்பெனியை மூடினார்கள். மூடியபிறகு அரசாங்கத்து ஆட்கள் கதிர்வீச்சு காட்டுகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தரையெல்லாம் அளந்து பார்த்துவிட்டு, இடத்தை இப்படியே விட முடியாது என்றார்கள். தொட்டிகளை உடைத்தார்கள். பின்பக்கக் குட்டையில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த சேற்றை அள்ளினார்கள். சேறு, செங்கல், பெயர்த்த தரை, சாக்கடைக் குழாய் எல்லாவற்றையும் நிலத்தின் வடக்கு மூலையில் தோண்டிய பெரிய பள்ளத்தில் போட்டு, அடியிலும் மேலேயும் களிமண்ணை இறுக்கி, அதற்கும் மேலே நல்ல மண் கொட்டிப் புல் வைத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி, ஒரு இரும்பு கேட், மண்டையோடு வரைந்த ஒரு போர்டு. எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது ஒரு மேடு. அதை நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் நிபந்தனை. கம்பெனி முதலாளிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறு தொழில் இருந்ததால் சம்பளம் அங்கிருந்து வரும் என்று ஏற்பாடானது. பழைய தொழிலாளி கன்னியப்பனுக்கு அந்த வேலை கிடைத்தது. கேட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையும் கொடுத்தார்கள். மூன்றாவது வருஷம் ஒரு மழைக்காலத்தில் தண்டவாளத்தைக் கடக்கும்போது கன்னியப்பன் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கம்பெனி கணக்குப்பிள்ளை வந்து, "நீயே பாத்துக்கறியாம்மா?" என்று அவன் மனைவி வேம்புலியம்மாளைக் கேட்டார். அறையைக் காலி செய்துவிட்டுப் போக அவளுக்கு வேறு இடம் இல்லை. சரி என்றாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணமான புதிதில் நெமிலிச்சேரி வயல்களில் நாற்று நட்டவள். அந்த வயல்களெல்லாம் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருந்தன. ஒரே மகள் தாட்சாயிணியைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. கூடப்பிறந்தவன் தம்பி தங்கவேல் ஒருவன்தான். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான்.

வேலை என்னவென்று பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. காலையும் மாலையும் மேட்டைச் சுற்றி வர வேண்டும். பெருச்சாளி வளை பறித்திருந்தால் களிமண் வைத்து அடைக்க வேண்டும். மழையில் மண் அரித்திருந்தால் நிரவ வேண்டும். வேப்பங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்தால் வேர் இறங்குமுன் பிடுங்க வேண்டும். கால்வாயில் சேர்கிற குப்பையை வாரிப் போட வேண்டும். இதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. மனுஷர்களை அந்தப் பக்கம் வரவிடாமல் தடுப்பதுதான் உயிரை வாங்கியது.

சுற்று வட்டாரத்தில் அவ்வளவு பச்சையான இடம் வேறு இல்லை. வெயில் காலத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்க, மேடு மட்டும் குளுகுளுவென்று இருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் கம்பியைத் தூக்கி ஆட்டை உள்ளே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் கோஷ்டி ஒன்று ஸ்டம்போடு வந்து நிற்கும். எலெக்ஷன் வந்தால் கட்சிக்காரர்கள் மேடை போட இடம் கேட்பார்கள். விடியற்காலையில் பெண்கள் சொம்போடு வருவார்கள். அவர்களை விரட்ட அவளுக்கே மனசு வராது. ஆனாலும் விரட்டினாள்.

"இன்னாம்மா, ஒன் ஊட்டு சொத்தா இது? ஆடு ரெண்டு வாய் புல்லு தின்னா கொறைஞ்சா பூடும்?" என்று ஆட்டுக்காரி கேட்பாள்.

"கீழ விஷம் கீதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஓட்டிகினு போ."

"ஒனுக்கு மட்டும் ஒண்ணும் ஆவலையே. கல்லு மாரி கீறியே."

வேம்புலியம்மாள் கையிலிருந்த கழியைத் தரையில் தட்டிக்கொண்டு, ஆடுகள் போகும்வரை நிற்பாள்.

அதே சந்தேகத்தை அவளே ஒருதடவை நாகேந்திரனிடம் கேட்டிருக்கிறாள். நாகேந்திரன் என்பவர் அந்தப் பெட்டியோடு வந்து அளக்கிற அதிகாரி. சில மாதங்களுக்கு ஒருமுறை ஜீப்பில் வருவார். முன்பு வடக்கே, பீகார் பக்கம், யுரேனியம் வெட்டுகிற சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நிதானமான மனுஷர். பெட்டி டிக் டிக்கென்று மெதுவாகத் துடிக்க, மேட்டின் மேல் நடந்து பார்ப்பார். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொள்வார். பிறகு அவளுடைய அறை வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

"கீழ கீறத தொட்டா செத்துடுவாங்களா சார்?"

"இல்லம்மா. மேல மண்ணு மூடியிருக்கிற வரைக்கும் நீங்க நாள் பூரா நடந்தாலும் ஒண்ணும் செய்யாது. யுரேனியத்துக்குப் பங்காளி மாதிரிதான் இதுவும். இதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்து வந்துகிட்டே இருக்கும். வெளியில இருந்தா கலைஞ்சு போயிடும். இந்த மண்ணைக் கொண்டுபோய் வீட்டுக்குள்ள போட்டு, அதுமேல படுத்து எழுந்து, மூடின அறைக்குள்ள அந்தக் காத்தையே வருஷக்கணக்கா சுவாசிச்சாத்தான் ஆபத்து. குழந்தைங்களுக்கு இன்னும் கெடுதல்."

"எத்தினி வருசத்துல செரியாவும்?"

நாகேந்திரன் டீயைக் குடித்து முடித்தார். "சரியாகாதும்மா. உங்க பேரப்பிள்ளைங்க, அவங்களோட பேரப்பிள்ளைங்க, அதுக்கும் அப்புறம் யாராவது இதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். நான் இருந்த சுரங்கத்துப் பக்கமும் அப்படித்தான். வெட்டி முடிச்சாலும் சுத்தம் பண்ணி முடிச்சாலும், பார்த்துக்கிற வேலை மட்டும் முடியாது."

அன்றைக்கு முழுக்க அவளுக்கு அது மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வயலில் என்றால் நட்டால் அறுப்பு வரும், அறுத்தால் களம், களம் முடிந்தால் கொஞ்சம் படுக்கலாம். இந்த வேலைக்கு ஒரு அறுப்பே இல்லை என்று நினைத்தபோது, முதல்முறையாக அவளுக்கு உடம்பு அலுப்பில்லாத வேறொரு அலுப்பு வந்தது. அது வந்த பிறகு போகவே இல்லை.

எண்பத்தெட்டில் தாட்சாயிணிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்துவிட்டது என்று மருமகன் சைக்கிளில் வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேறு பெண்பிள்ளை கிடையாது. கணக்குப்பிள்ளையிடம் ஆள் கேட்டால் ரெண்டு நாள் ஆகும். தம்பியைக் கூப்பிட்டு கேட் சாவி இரண்டில் ஒன்றைக் கொடுத்தாள்.

"காலைல ஒருவாட்டி, வேலை வுட்டு வந்தப்பால ஒருவாட்டி சுத்திப் பாரு. ஆடு மாடு வந்தா தொரத்து. அவ்ளோதான்."

"நீ போக்கா. நான் பாத்துக்கறேன்," என்றான் தங்கவேல்.

பிரசவம் கஷ்டமாகிவிட்டது. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து, வெந்நீர் வைத்து, பத்தியச் சாப்பாடு போட்டு, அவள் எழுந்து நடமாடுகிற வரைக்கும் வேம்புலியம்மாளால் வர முடியவில்லை. திரும்பி வந்த அன்று கேட் பூட்டியிருந்தது. முள்கம்பி ஒழுங்காக இருந்தது. அறையைப் பெருக்கிவிட்டு, பழக்கத்தில் கழியை எடுத்துக்கொண்டு மேட்டைச் சுற்றப் போனாள்.

வடக்குப் பக்கம், சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குப் படாத சரிவில், புல் ஒரு இடத்தில் வேறு நிறமாக இருந்தது. மிதித்துப் பார்த்தாள். கால் உள்ளே அழுந்தியது. புல்லைத் தூக்கினால் பாய் மாதிரிச் சுருண்டு வந்தது. அதற்கு அடியில் உதிரி மண்ணும் கட்டடக் குப்பையும் போட்டு நிரவியிருந்தது. களிமண் போட்ட இடத்தில் களிமண் இல்லை. டிராக்டர் சக்கரத் தடம் கேட்வரைக்கும் மங்கலாகத் தெரிந்தது.

திருடர்கள் வந்தால் பூட்டை உடைத்திருப்பார்கள். பூட்டு முழுசாக இருந்தது. இன்னொரு சாவி தங்கவேலிடம்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்தாள்.

தங்கவேல் அந்த வருஷத்தில்தான் ஏரிக்குக் கீழே பள்ளமான மனை ஒன்றை வாங்கி வீடு எழுப்பிக்கொண்டிருந்தான். வாடகை வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லிவிட்டான் என்று அவசரம். தரைக்கு மண் கொட்டி மேடாக்கினால்தான் மழைக்குத் தாங்கும் என்று அவன் புலம்பியது அவள் காதில் விழுந்திருக்கிறது.

எழுந்து நேராக அங்கே போனாள். சுவருக்குப் பூச்சுகூட இல்லை. ஆனால் குடி வந்திருந்தார்கள். தரையில் புது சிமெண்ட். நடுக்கூடத்தில் பாயை விரித்து, தங்கவேலின் மனைவி முனியம்மா தன் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறந்து சில மாதம்தான் ஆன குழந்தை.

"வாங்க அண்ணி. தாட்சாயிணி எப்டி கீது? பையனா பொண்ணா?" என்று முனியம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

"பையன். நல்லா கீறான்," என்றாள் வேம்புலியம்மாள். "தங்கவேலு எங்க?"

அவன் பின்னால் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் செங்கலைக் கீழே வைத்தான்.

"மேட்லேர்ந்து மண்ணு எடுத்தியா?"

அவன் பொய் சொல்லவில்லை. "ரெண்டு டிராக்டர்தான்கா. எத்திராஜ் வண்டியில. கெட்டி மண்ணா இருந்துச்சு. சும்மா கெடக்குற மண்ணுதானே."

"எவ்ளோ ஆழம் வெட்ன?"

"முட்டி அளவு இருக்கும். ஒரு எடத்துல சாம்பல் கலர்ல வந்துச்சு. அத்தோட நிறுத்திட்டேன்."

"அந்த சாம்பல் மண்ணு எங்க?"

தங்கவேல் வீட்டுக்குள் பார்த்தான்.

"கொயந்த படுத்துகினு கீதுடா அதும்மேல," என்றாள் அவள். குரல் ஏறவில்லை. கத்துவதற்குக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது.

"யக்கா, மேல சிமெண்ட் போட்டாச்சு. ஒண்ணும் ஆவாது. நீ கூடத்தான் அது பக்கத்துலயே கீற, ஒனுக்கு இன்னா ஆச்சு? வாயத் தொறந்தா என் ஊட்ட இடிச்சுப் பூடுவாங்க. ஒன் வேலையும் பூடும். தெரிஞ்சுகினே பண்ணல, வுட்ருக்கா. என் கொயந்த மேல சத்தியமா இனிமே அந்தப் பக்கம் போவமாட்டேன்."

குழந்தை மேல் சத்தியம் என்ற சொல் அவளைக் குத்தியது. திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் அவள் பட்டது யாருக்கும் தெரியாது. மேல் மண் மட்டும்தான் போயிருக்கும், சாம்பல் நிறம் வேறு ஏதாவதாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கும் தம்பிக்கும் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு களை பிடுங்கப் போனவள் அவள். முதன்முதலாக அவன் தலையில் ஒரு கூரை ஏறியிருக்கிறது. அதைத் தன் வாயால் பிரிக்க வேண்டுமா? தானே கணக்குப்பிள்ளையிடம் போகவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. வடக்குச் சரிவுக்குக் களிமண் சுமந்து கொட்டி, தன்னால் முடிந்தமட்டும் இடித்து இறுக்கினாள். வேலை செய்யும்போது மனசு கொஞ்சம் அடங்கும். நிறுத்தினால் அந்தக் குழந்தை பாயில் குப்புறக் கவிழ்ந்து தரையை நக்குவது போலத் தோன்றும்.

நாகேந்திரனின் ஜீப் வந்தபோது அவள் கால்வாயில் குப்பை வாரிக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே போய் எதிரில் நின்றாள்.

"சார், மேட்ல மண்ணு எடுத்துட்டாங்க. என் தம்பிதான். நான்தான் அவனான்ட சாவி குடுத்துட்டுப் போனேன். அவன் ஊட்டுத் தரையில கீது. கைக்கொயந்த கீது சார் அங்க."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பெட்டியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு, "ஏறுங்கம்மா, வழி காட்டுங்க," என்றார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்து தம்பி வீட்டுக்கு வழி காட்டியதுதான் அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம். தங்கவேல் வேலைக்குப் போயிருந்தான். முனியம்மா ஒன்றும் புரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கூடத்தில் பெட்டி எப்போதும்போல் மெதுவாகத் துடித்தது. வேம்புலியம்மாளுக்கு மூச்சு வந்தது. பிறகு நாகேந்திரன் உள்ளறைக்குப் போனார். சுவரோரம் போகப் போகத் துடிப்பு நெருக்கமானது. தூளி தொங்கிய மூலையில் அது ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற மாதிரி இரைந்தது.

"ராத்திரி எங்கம்மா படுக்கறீங்க?" என்று முனியம்மாவைக் கேட்டார்.

"இங்கதான் சார். கொசு இல்லாத ரூமு."

அன்றைக்கே அவர்களை முனியம்மாவின் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஆட்கள் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வந்து தரையைப் பெயர்த்தார்கள். ஒரு மூலை மட்டும்தான் மோசம். ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்லா மண்ணையும் எடுத்துப் பீப்பாய்களில் அடைத்து, மேட்டுக்கே கொண்டுபோய்ப் பழையபடி புதைத்தார்கள். கம்பெனி செலவில் ஆற்றுமணல் கொட்டி, தரை போட்டுக் கொடுத்தார்கள். பூச்சு வேலையையும் சேர்த்தே முடித்துக் கொடுத்தார்கள். குழந்தையை டாக்டர் பார்த்தார். இருந்தது கொஞ்ச நாள்தான், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொன்னார். அது நன்றாகவே வளர்ந்தது. போலீஸ் கேஸ் எதுவும் இல்லாமல் நாகேந்திரன் பார்த்துக்கொண்டார்.

இப்படிப் பார்த்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் முகமூடி போட்ட ஆட்களைத் தெருவே நின்று பார்த்திருந்தது. தங்கவேல் வீட்டுக்கு 'விஷ மண் ஊடு' என்று பெயராகிவிட்டது. அவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. பின்னால் ஒரு பகுதியைக் கட்டி வாடகைக்கு விடலாமென்று பார்த்தான், ஒருவரும் வரவில்லை. மண் போய்விட்டது, பெயர் போகவில்லை.

ஒருநாள் அவன் கேட்டருகே வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"என்னான்ட ஒரு வார்த்த சொல்லிட்டு செஞ்சிருக்கலாம் இல்ல? நானே பேத்து எடுத்திருப்பேன். ஊரக் கூட்டி மானத்த வாங்கிட்ட."

"ஒன்னான்டதான் மொதல்ல வந்தேன்."

"அக்காவாம் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு பேச்சு நின்றது.

இதில் இன்னொன்றும் உண்டு. சாவியைக் கொடுத்த குற்றத்துக்குக் கம்பெனி தன்னை வேலையிலிருந்து நீக்கிவிடும் என்று வேம்புலியம்மாள் எதிர்பார்த்திருந்தாள். மனசின் ஓர் ஓரத்தில் அப்படி நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. கணக்குப்பிள்ளை வந்து, "இனிமே இப்படிச் செய்யாதே," என்று கண்டித்தார். அத்தோடு சரி. அந்த இடத்துக்கு வர வேறு யாரும் தயாராக இல்லை. அவளும் வேறு போக்கில்லாமல் கழியை எடுத்துக்கொண்டு சுற்றக் கிளம்பினாள்.

வருஷங்கள் ஓடின. மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. பட்டாபிராமில் ரயிலேறி சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் புதிது புதிதாகக் குடி வந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "அந்த எடம் ஏன் சும்மா கிடக்கு?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பூங்கா கேட்டார்கள், கல்யாண மண்டபம் கேட்டார்கள், அம்மன் கோயில் கட்ட வேண்டும் என்று மஞ்சள் துணியோடு ஒரு கூட்டம் வந்தது. "ஒன் பேரே ஆத்தா பேரு, வேம்புலியம்மா. ஆத்தாளுக்கே எடம் இல்லன்றியா?" என்று கேட்டார்கள். "ஆத்தாள கொண்டாந்து விஷத்து மேல குந்த வெப்பீங்களா?" என்று அவள் கேட்ட பிறகு கலைந்தார்கள். போர்டில் மண்டையோடு வெளுத்துப் போகும், பெயிண்ட் அடிப்பாள், மறுபடி வெளுக்கும். முழங்கால் வலி வந்தது. சுற்றி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. வேறு ஆள் போடச் சொல்லி நாகேந்திரனிடம் கேட்டாள். அவரும் எழுதிப் போடுகிறேன் என்றார், எழுதியும் போட்டார். ஆள் வரவில்லை.

தங்கவேலை அவள் தூரத்தில் பார்ப்பாள். சைக்கிளில் போவான். தலையைத் திருப்பமாட்டான். பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். தீபாவளிக்குத் தனியாக இருப்பாள்.

தொண்ணூற்றாறு ஜூனில், கத்திரி வெயில் முடிந்ததும் முடியாததுமாக, யாரும் நினைத்துப் பார்க்காத மழை கொட்டியது. ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தது. மூன்றாவது நாள் காலையில் மேட்டின் தெற்குச் சரிவில் மழைத் தண்ணீர் ஒரு வாய்க்காலே வெட்டியிருந்ததைப் பார்த்தாள். புல்லும் மேல் மண்ணும் கரைந்து ஓடிவிட்டன. களிமண் வழுவழுவென்று வெளியே தெரிந்தது. இன்னும் ஒரு மழை தாங்காது. அந்தத் தண்ணீர் வடிகிற திசையில் முதல் வரிசையிலேயே இருந்தது தங்கவேல் வீடு.

தெருமுனைக் கடையில் போன் செத்துக் கிடந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. கோணிப்பையில் மண்ணை அள்ளிப் போட்டு இழுத்துக்கொண்டு போய் வைத்தாள். ரெண்டாவது பையை இழுக்கும்போது வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. முகத்தில் மழை அடிக்க, இதை இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன என்று கிடந்தாள். எத்தனை வருஷம், யாருக்காக, ஒருத்தரும் நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று கோபம்கூட வந்தது. பிறகு அதுவும் அடங்கிப் போய், குளிர் மட்டும் மிஞ்சியது.

யாரோ பக்கத்தில் வந்து கோணிப்பையின் ஒரு முனையைப் பிடித்தார்கள். தங்கவேல். லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தான்.  அவள் எழுந்து மறுமுனையைப் பிடித்தாள். அவன் போய் மண்வெட்டியும், வீட்டில் கிடந்த சிமெண்ட் சாக்குகளும் கொண்டுவந்தான். சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் மண்ணை நிரப்பி நிரப்பி அந்த வாய்க்காலை அடைத்தார்கள். மேலே தார்ப்பாய் விரித்து, காற்றில் தூக்காமல் ஓரமெல்லாம் செங்கல் வைத்தான் அவன். கடைசியில் அவள் அறை வாசலில் நின்று டீ கொடுத்தபோது வாங்கிக் குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மழை விட்டபின் நாகேந்திரன் இடுப்பளவு தண்ணீர் கிடந்த சாலையெல்லாம் தாண்டி வந்து சேர்ந்தார். அளந்து பார்த்து, வெளியே எதுவும் போகவில்லை என்றார். யார் உதவினார்கள் என்று கேட்டார். "என் தம்பி சார்," என்றாள். அவர் வேறெதுவும் கேட்காமல் தெற்குச் சரிவைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மழையால் ஒரு நல்லது நடந்தது. மேலிடத்தில் விழித்துக்கொண்டார்கள். சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள், சரிவில் கருங்கல் பதித்தார்கள், காவலுக்கு ஏஜென்சி ஆட்களை மாற்றி மாற்றிப் போடுவது என்று தொண்ணூற்றெட்டில் முடிவு செய்தார்கள். முதலில் வந்தவர் வீராசாமி என்ற ரிட்டயர்ட் ராணுவக்காரர். வேம்புலியம்மாள் ஒருநாள் முழுக்க அவரை இடம் இடமாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார், ஒன்றிரண்டு கேள்விகளும் கேட்டார். நல்ல ஆளாகத் தெரிந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஸ்டவ்வோடும் அவள் மருமகனின் ஆட்டோவில் ஏறினாள். அழுகை வருமோ என்று பயந்தாள். தூக்கம்தான் வந்தது. ஆட்டோ திருநின்றவூர் போய்ச் சேர்ந்ததுகூடத் தெரியாமல் தூங்கினாள்.

அங்கே போன புதிதில் சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் படுத்தே இருந்தாள். தாட்சாயிணி பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறு இல்லை, ஓய்வுதான் வேண்டும் என்றார் டாக்டர். "காலைல கொஞ்சம் நடங்க," என்றும் சொன்னார்.

"சாயந்தரமா ஏரிக்கர வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வாயேம்மா," என்றாள் மகள்.

"நான் சுத்தினது போதும்," என்றாள் வேம்புலியம்மாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உள்ளே தாட்சாயிணி சிரிப்பது கேட்டது. அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கவேல் வந்தான். முனியம்மாவும் பெண்ணும் கூட வந்தார்கள். பெண் ஆறாவது படிக்கிறாள், உயரமாக வளர்ந்திருந்தாள். "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டு தயக்கமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கவேல் பலாச்சுளை வாங்கி வந்திருந்தான். பட்டறையில் ஆள் குறைப்பதைப் பற்றிச் சொன்னான், முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது என்று சொன்னான், அவளுடைய பேரன் கணக்கில் எடுத்த மார்க்கைப் பற்றிக் கேட்டான். பழைய விஷயத்தை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாது. சாப்பிட்டுவிட்டு, வெயில் தணிந்ததும் கிளம்பினார்கள்.

"அடுத்த வாரம் வர்றேன்கா," என்றான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"வா," என்றாள் அவள்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. பட்டறையில் ஓவர்டைம் என்று பெண்ணிடம் சொல்லியனுப்பினான். அதற்கடுத்த வாரம் வந்தான்.